முதல் கம்பைலரைத் தெரிவு செய்வது பற்றி மூதூர் மாணவர் ஒருவருக்கு விரிவான பதில்

உயர் தரத்தில் கணிதப் பிரிவில் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பதாகவும், திருகோணமலை நகரில் ஒரு தனியார் வகுப்பில் சி++ படிக்கத் தொடங்கியிருப்பதாகவும், அங்கே டேர்போ சி++ இல் பயிற்சி நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் விசுவல் ஸ்டுடியோவை நிறுவச் சொல்கிறார், மச்சான் விஎஸ் கோட் போதும் என்கிறார், உங்களிடம் இருப்பதோ 4 ஜிபி ரேமும் பழைய வன்தட்டும் கொண்ட ஒரு விண்டோஸ் 10 மடிக்கணினி. இவற்றில் எது சிறந்தது என்பதும், மடிக்கணினியை அண்ணா எடுத்துச் செல்லும் நாள்களில் கைத்தொலைபேசியில் பழகலாமா என்பதும் உங்கள் கேள்விகள். ‘சிறந்தது எது’ என்று கேட்டிருந்தாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது வேறொன்று என்று நினைக்கிறேன். இருக்கின்ற கணினியில், கருவியோடு மல்லுக்கட்டி நாளை இழக்காமல், இன்று படிப்பது நாளை பல்கலைக்கழகத்திலும் செல்லுபடியாகும்படி எப்படித் தொடங்குவது என்பதே அது. இந்த மாவட்டத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நிரலாக்கம் கற்பித்து வருபவன் என்ற முறையில் அதற்கே பதில் எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டில் டேர்போ சி++ ஐப் பயன்படுத்த வேண்டாம். ஜிசிசி கம்பைலரோடு சேர்ந்து வரும் கோட்பிளாக்ஸ் என்ற நிரல் எழுதும் சூழலை நிறுவுங்கள். நிறுவியவுடன் கம்பைலர் தரக்கூடிய எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும்படி அதனை மாற்றிக்கொள்ளுங்கள். விஎஸ் கோடைச் சில மாதங்கள் கழித்துப் பார்க்கலாம். விசுவல் ஸ்டுடியோ இந்தக் கணினிக்கு ஏற்றதன்று.

உங்கள் கேள்வியில் ஒரே வரிசையில் நிற்கும் மூன்று பெயர்களும் ஒரே வகையான பொருள்கள் அல்ல. நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். நிரலைத் தட்டச்சு செய்யும் இடம் எடிட்டர். இவ்விரண்டையும், பிழையைத் தேட உதவும் டிபக்கரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது ஐடிஇ எனப்படும் மேம்பாட்டுச் சூழல். 2015 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்ட விஎஸ் கோட் ஓர் எடிட்டர் மட்டுமே. அதற்கான சி++ நீட்சியை நிறுவினாலும் அதனோடு கம்பைலர் வருவதில்லை. அதை மட்டும் நிறுவிவிட்டு நிரல் ஓடவில்லையே என்று தவிப்பது, கொப்பியும் பேனையும் வாங்கி வைத்துவிட்டு ஆசிரியரை அழைக்க மறந்ததற்கு ஒப்பாகும். என்னிடம் உதவி கேட்டு வரும் புதியவர்களில் கணிசமானோர் சிக்கியிருப்பது சரியாக இந்த இடத்தில்தான். விசுவல் ஸ்டுடியோ என்பது பெயரில் ஒற்றுமை உள்ள முற்றிலும் வேறான பொருள். அது மைக்ரோசொப்டின் சொந்தக் கம்பைலரையும் உள்ளடக்கிய முழு ஐடிஇ. அதன் கொம்யூனிற்றிப் பதிப்பு 2014 இலிருந்து தனிநபர்களுக்கும் மாணவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. தரத்தில் குறைசொல்ல இடமில்லை. ஆனால் வழக்கமான ஒரு நிறுவலுக்கு 20 முதல் 50 ஜிபி வரை வன்தட்டில் இடம் வேண்டுமென்று மைக்ரோசொப்டே குறிப்பிடுகிறது. கைத்தொலைபேசியின் டேட்டாவில் அதைப் பதிவிறக்கி, 4 ஜிபி ரேமில் அது திறக்கும் வரை காத்திருப்பது உங்கள் ஆர்வத்தைத்தான் முதலில் தின்னும்.

டேர்போ சி++ பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் நம் பகுதியில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. போர்லாண்ட் நிறுவனம் 1990 அளவில் டொஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட கருவி அது. அதன் காலத்தில் அருமையான கருவி. வேகமானது, சிறியது, நிரல் எழுதவும் ஓட்டவும் ஒரே திரையில் வசதி தந்தது. ஆனால் சி++ மொழி சர்வதேசத் தரமாக வரையறுக்கப்பட்டது 1998 இல். அதாவது உங்கள் வகுப்பில் இருக்கும் கருவி, மொழியின் முதலாவது தரத்துக்கே முந்தியது. பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கும் பெயர்வெளிகள் அதில் இல்லை, உண்மை அல்லது பொய் என்பதை வைக்கும் பூலியன் தரவு வகை இல்லை, தேவைக்கேற்ப நீளும் பட்டியலான வெக்டர் உள்ளிட்ட தர நூலகப் பகுதி இல்லை. அதில் எழுதும் மாணவர், நிரலின் தொடக்கத்தில் சேர்க்கும் ‘ஐஓஸ்ட்ரீம்’ என்ற தலைப்புக் கோப்பின் பெயருக்குப் பின் ‘.எச்’ சேர்க்கிறார், நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் சார்பை, எதையும் திருப்பித் தராது எனப் பொருள்படும் ‘வொயிட்’ என்று தொடங்குகிறார், திரையைத் துடைக்க ‘கோனியோ’ தலைப்புக் கோப்பின் சார்பொன்றை அழைக்கிறார். இன்றைய ஜிசிசியிடம் அதே நிரலைக் கொடுத்தால் இந்த மூன்று இடங்களிலும் பிழை காட்டும். மாணவரோ தான் சரியாகப் படித்தவற்றைக் கணினி தவறென்கிறது என்று குழம்பிப் போகிறார்.

இதைவிட ஆபத்தானது பிழைச்செய்தி எதுவும் வராமல் நேரும் வேறுபாடு. டேர்போ சி++ இல் சாதாரண முழு எண் மாறி 16 பிட் அளவுடையது. அதில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. ஆகவே 200 ஐ 200 ஆல் பெருக்கி அத்தகைய மாறியில் வைத்தால் 40,000 க்குப் பதிலாக −25,536 என்று விடை வரும். இன்றைய கணினிகளில் ஜிசிசி அதே மாறிக்கு 32 பிட் ஒதுக்குவதால் 40,000 என்ற சரியான விடை வரும். உங்களுடைய கணக்கு நிரல் ஒன்று வகுப்பில் ஒரு விடையும் வீட்டில் வேறொரு விடையும் தந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் நேரடியாக ஓடா. அதனால் டொஸ்பொக்ஸ் என்ற போலிச் சூழலுக்குள் டேர்போவை வைத்து ஓட்டுகிறார்கள். இணையத்தில் ‘விண்டோஸ் 10 க்கான டேர்போ சி++’ என்ற பெயரில் கிடைப்பவை பெரும்பாலும் யாரோ இவ்வாறு கட்டித் தந்த பொதிகள்தாம்.

இதற்காக உங்கள் வகுப்பு ஆசிரியரோடு முரண்பட வேண்டியதில்லை. மாறிகள், நிபந்தனைகள், சுற்றுகள், சார்புகள், அணிகள் ஆகியவற்றை அவர் விளக்கும் முறை எந்தக் கருவியிலும் செல்லுபடியாகும், நல்ல ஆசிரியர் கிடைப்பது கருவியைவிட அரிது. வகுப்பில் அவர் சொல்லும் வடிவத்தில் எழுதுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே நிரலை இன்றைய தரத்துக்கு மாற்றி எழுதுங்கள். மெயின் சார்பு முழு எண்ணைத் திருப்பித் தரட்டும். தலைப்புக் கோப்பின் பெயரிலிருந்து ‘.எச்’ போகட்டும், திரையைத் துடைக்கும் வரியை நீக்கிவிடுங்கள். இந்த மாற்றம் சில நிமிட வேலை. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குப் போனாலும், மொறட்டுவைக்கோ பேராதனைக்கோ போனாலும், நீங்கள் ஒப்படைக்கும் நிரலை வேறொருவர் தம் கணினியில் ஓட்டிப் பார்ப்பார். தரத்துக்கு இசைய எழுதிய நிரலுக்குத்தான் அங்கேயும் ஓடும் வாய்ப்பு அதிகம்.

இனி நான் பரிந்துரைத்தது. ஜிசிசி என்பது ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கம்பைலர். 1987 இல் முதலில் வெளிவந்து இன்றும் தொடர்ந்து மேம்படுத்தப்படுகிறது. லினக்ஸ் உலகம் பெருமளவில் அதன் மேல்தான் நிற்கிறது. அதை விண்டோஸில் இயங்க வைக்கும் வடிவம் மிங்ஜிடபிள்யூ. கோட்பிளாக்ஸ் பதிவிறக்கப் பக்கத்தில் ஒரே வெளியீட்டுக்குப் பல கோப்புகள் இருக்கும். பெயரில் ‘மிங்ஜிடபிள்யூ’ என்ற சொல் உள்ள கோப்பை எடுத்தால் மட்டுமே கம்பைலரும் சேர்ந்து வரும். சிறிய கோப்பு என்று எண்ணி மற்றதை எடுத்தவர்கள் விஎஸ் கோட்காரர்களின் நிலைக்கே வந்து சேர்வார்கள். 2020 இல் வந்த 20.03 வெளியீட்டோடு ஜிசிசி 8.1 வருகிறது, தொடக்கநிலைக்கு அது தாராளமாகப் போதும். நகரில் நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை பதிவிறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால், நிறுவிய பின் பயிற்சிக்கு இணையமே தேவையில்லை. கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வரும் மாணவர்களுக்கு நான் இதையே சொல்வதற்கு முதற் காரணம் அதுதான்.

டெவ்-சி++ என்ற இன்னொரு ஐடிஇ ஐயும் யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். அது கெட்டதன்று, இலேசானது. ஆனால் பல இடங்களில் பென்டிரைவ் வழியாகக் கைமாறிக்கொண்டிருப்பது 2005 இன் 4.9.9.2 என்ற பதிப்பு. அதனுள் இருக்கும் ஜிசிசி 3.4 இன்றைய சி++ ஐ அறியாது. பின்னர் வந்த 5.11 இல் ஜிசிசி 4.9.2 இருக்கிறது. அதுவும் தானாக 1998 ஆம் ஆண்டுத் தரத்தையே பின்பற்றும். புதிய தரத்தைத் தெரிவுகளில் நீங்களே குறிப்பிட வேண்டும். மாறியின் வகையைக் கம்பைலரே ஊகிக்கும்படி ‘ஓட்டோ’ என்ற சொல்லை இட்டு எழுதிய நிரல் நண்பரின் கணினியில் ஓடி உங்கள் கணினியில் ஓடாவிட்டால் இதனை நினைவுகூருங்கள். கம்பைலரின் பெயரை மட்டுமன்றி அதன் பதிப்பையும், அது எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறது என்பதையும் பார்க்கும் பழக்கம் இப்போதே வரட்டும். ஜிசிசியில் பதிப்பு 6 இலிருந்து 2014 ஆம் ஆண்டுத் தரமும், பதிப்பு 11 இலிருந்து 2017 ஆம் ஆண்டுத் தரமும் இயல்பானவை.

நிறுவிய முதல் நாளில் நேரும் தடைகள் பெரும்பாலும் மொழியோடு சம்பந்தமற்றவை. நிரல்களை வைக்க சி வட்டின் தொடக்கத்திலேயே ஒரு கோப்புறையை உருவாக்குங்கள். அதன் பெயரில் இடைவெளியும் தமிழ் எழுத்துகளும் வேண்டாம். பழைய கருவிகளில் சில இவற்றைக் கண்டால் தடுமாறும், குறிப்பாக டிபக்கர். கோப்பு நீட்சிகளை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும். அதைக் காட்டும்படி மாற்றாவிட்டால், நோட்பேடில் சேமித்த நிரல் உங்களுக்குத் தெரியாமலேயே ‘.டிஎக்ஸ்டி’ என்று முடிந்துவிடும், கம்பைலர் அதைக் கண்டுகொள்ளாது. நிரலின் கறுப்புச் சாளரம் திறந்திருக்கும்போதே மீண்டும் கம்பைல் செய்தால், அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வரும். பழைய சாளரத்தை மூடினால் போதும். கட்டளைச் சாளரத்தில் ஜிசிசியை அழைக்கும்போது அப்படியொரு கட்டளை இல்லையென்று வந்தால், கம்பைலர் இருக்கும் கோப்புறையை, கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் ‘பாத்’ பட்டியலில் சேர்க்கவில்லை என்பதே பொருள். மீண்டும் நிறுவ வேண்டியதில்லை. கோட்பிளாக்ஸில் டிபக்கரைப் பயன்படுத்த விரும்பினால் தனிக் கோப்பாகத் திறக்காமல் ஒரு புரொஜெக்ட் உருவாக்கி அதற்குள் எழுத வேண்டும்.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். கம்பைலரின் தெரிவுகளில், பொதுவான எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டச் சொல்லும் ‘டபிள்யூ-ஓல்’, கூடுதல் எச்சரிக்கைகளுக்கான ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்ற இரண்டையும் அடையாளமிட்டு வையுங்கள். இயல்பாக இவை அணைந்தே இருக்கும். ஒப்பிடுவதற்கு இரட்டைச் சமக்குறி இட வேண்டிய நிபந்தனையில் ஒற்றைச் சமக்குறி இட்டுவிட்டால், மொழியின் விதிப்படி அது பிழையன்று. நிரல் ஓடும், விடை மட்டும் தவறாக வரும். எச்சரிக்கையை இயக்கியிருந்தால் கம்பைலர் அந்த வரியைச் சுட்டிக்காட்டிவிடும். சி மொழியில் உள்ளீடு பெறும்போது மாறிக்கு முன் இட வேண்டிய முகவரிக் குறியை விட்டுவிட்டாலும் அவ்வாறே. நள்ளிரவு வரை தேடியிருக்க வேண்டிய தவறு ஒரு நொடியில் அகப்படும். மாணவர்களின் முன்னேற்றத்தில் நான் கண்ட வேறுபாடுகளுள், எந்த ஐடிஇ என்பதைவிட எச்சரிக்கைகளை வாசிக்கிறாரா என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

பிழைச்செய்திகள் நாற்பது வரி வந்தாலும் முதலாவதை மட்டும் வாசியுங்கள். அதைத் திருத்திவிட்டு மீண்டும் கம்பைல் செய்யுங்கள். பின்னால் வருபவற்றில் பல, முதலாவதன் விளைவுகளே. அரைப்புள்ளியை விட்டிருந்தால் சில பதிப்புகள் அடுத்த வரியைச் சுட்டும். எனவே சுட்டப்பட்ட வரியோடு அதற்கு முந்திய வரியையும் பாருங்கள். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்தால் அது கம்பைலரின் செய்தியன்று. துண்டுகளை இணைக்கும் லிங்கரின் செய்தி. ஒரு சார்பை அறிவித்துவிட்டு அதன் உடலை எழுதாமலோ, பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ இருப்பீர்கள். இவை எல்லாம் இருந்தும், கம்பைலர் ஏற்றுக்கொண்டதால் மட்டும் நிரல் சரியென்று ஆகிவிடாது. ஐந்து உறுப்புகள் கொண்ட அணியில் ஆறாவது இடத்தில் எழுதினால் அது பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். ஒருநாள் ஓடி மறுநாள் சரியும்.

இதுவரை சொன்னவற்றில் டேர்போவின் வயது, கருவிகளின் வேறுபாடு, எச்சரிக்கைகளின் பயன் ஆகியவற்றில் எனக்கு ஐயமில்லை. இனி வருபவை அனுபவத்திலிருந்து எழுந்த கருத்துகள். என்னிலும் தகுதி வாய்ந்த ஆசிரியர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். தொடக்கத்திலேயே ஐடிஇ இன்றிக் கட்டளைச் சாளரத்தில் மட்டும் பழக வேண்டும் என்று கருதும் ஒரு சாரார் உண்டு. அப்படிப் படித்தவர்கள் கருவிகளின் உள் இயக்கத்தை நன்றாக அறிகிறார்கள், ஆனால் முதல் வாரத்திலேயே விலகுவோரும் அங்கே கூடுதல். கோட்பிளாக்ஸில் தொடங்கி, ஒரு மாதத்தில் அதே நிரலைக் கட்டளைச் சாளரத்திலும் கம்பைல் செய்து பார்ப்பது எனக்கு நடுநிலையாகப் படுகிறது. முதல் மொழி சி++ ஆக இருக்க வேண்டுமா, பைதனாக இருக்க வேண்டுமா என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. நம் உயர் தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் பைதன் இருப்பதால், தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்திலேயே ஆள் கிடைக்கும். சி++ வகுப்பைத் தொடங்கிவிட்ட நீங்கள் அதை இடையில் விடத் தேவையில்லை. என்றாவது பைதனைத் தொட்டால், எஸ்தோனியாவின் தார்த்துப் பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலையாளருக்கென உருவான தொன்னி என்ற சூழலை நிறுவுங்கள். பைதனும் அதனுள்ளேயே வருகிறது. ஒரு கோவை படிப்படியாக எப்படி விடையாகிறது என்பதை அது கண்முன் காட்டும். நீங்கள் தட்டச்சு செய்யுமுன்பே மீதி வரியை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவிகளை முதல் சில மாதங்களுக்கு அணைத்து வையுங்கள் என்பதும் என் கருத்தே. சுற்று ஒன்றைத் தானாக எழுதத் தெரியாத நிலையில், எழுதித் தரப்பட்டது சரியா என்று தீர்மானிக்க இயலாது.

தமிழில் வெளியீடு காட்ட விரும்புவீர்கள். அநேகமாக எல்லோரும் முதல் வாரத்திலேயே முயல்கிறார்கள். விண்டோஸின் கறுப்புச் சாளரத்தில் தமிழ் கட்டங்களாகவோ சிதைந்தோ தெரிந்தால் உங்கள் நிரலில் தவறில்லை; அந்தச் சாளரம் தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வல்லமையற்றது. விடையை ஒரு கோப்பில் எழுதி நோட்பேடில் திறந்து பாருங்கள். ‘திருகோணமலை’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு ஆறு எழுத்துகள். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் அது பத்துக் குறியீடுகள், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆகவே பைதன் அதன் நீளம் 10 என்னும். யூடிஎஃப்-8 ஆகச் சேமித்த சி நிரலோ 30 என்னும். இரண்டும் சரியே, எண்ணப்படும் பொருள்தான் வேறு.

விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. எனவே அண்ணா சம்மதித்தால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு லினக்ஸ் மின்ட் போன்ற இலேசான இயங்குதளம் ஒன்றை விண்டோஸோடு சேர்த்து நிறுவலாம். அங்கே ‘பில்ட்-எசென்ஷியல்’ என்ற ஒரே பொதியில் ஜிசிசி முழுவதும் வந்துவிடும், ஜீனி என்ற சிறிய எடிட்டர் இந்த ரேமுக்குப் போதும். ஆனால் பலர் பகிரும் கணினியில் வன்தட்டைப் பிரிக்குமுன் குடும்பத்தின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதியெடுத்துவிடுங்கள். மக் கணினிகளையும் விளையாட்டு நிரலாக்கத்தையும் பற்றி ஆலோசனை சொல்லும் அளவுக்கு எனக்குப் பயிற்சியில்லை. அவற்றை அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

கைத்தொலைபேசியில் பழகலாமா என்றால், துணையாகப் பழகலாம். அன்ட்ரொய்டில் சிஎக்ஸ்எக்ஸ்டிரொயிட் என்ற செயலி இணையமின்றியே சி++ நிரலைக் கம்பைல் செய்யும். பைதனுக்குப் பைடிரொயிட் உண்டு. டேட்டா இருந்தால் உலாவியில் ஒன்லைன்ஜிடிபி போன்ற தளங்களும் போதும், அவற்றில் டிபக்கரும் இருக்கிறது. நெளிவு அடைப்பும் அரைப்புள்ளியும் தேடித் தட்டுவது சிரமம் என்பதால் பெரிய நிரல் அங்கே எழுத வராது. அந்த நாள்களில் இருபது வரிக்குட்பட்ட நிரலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் மாறிகளின் பெறுமானம் என்னவாகும் என்று கொப்பியில் அட்டவணையிட்டு எழுதிவிட்டு, பிறகு செயலியில் ஓட்டி ஒப்பிடுங்கள். எங்கே உங்கள் அட்டவணையும் வெளியீடும் வேறுபடுகின்றன என்பதைக் குறித்துக்கொண்டு, மடிக்கணினி கைக்கு வந்ததும் அந்த வரியில் டிபக்கரை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் பிடிபடாவிட்டால் நிரல் முழுவதையும், முதலாவது பிழைச்செய்தியையும், கம்பைலரின் பதிப்பையும் படமாக அல்லாமல் எழுத்தாக இங்கே இடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.